எக்ஸ்ரேயில் தெரியாத காயம்: கார் மோதலும் கழுத்து வலியும்

கார் விபத்துகளில் நேரும் காயங்களுள் விப்லாஷ் எனப்படும் கழுத்துக் காயத்தைப்போல இவ்வளவு காலம் சந்தேகத்துக்கு உள்ளான காயம் வேறொன்று இருக்க முடியாது. பின்னால் வந்த வண்டி இடித்ததில் முன்வண்டியின் பம்பர் சற்றே நசுங்கியிருக்கலாம், அதுகூட நேராமலும் இருக்கலாம். இரத்தம் சிந்துவதில்லை, எலும்பு முறிவதில்லை, இடிபட்டவர் தாமாகவே கதவைத் திறந்து இறங்கி நிற்கிறார். சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ கழுத்தைத் திருப்ப முடியாமல் போகிறது. பிடரியில் தொடங்கும் வலி பின்தலைக்கும் தோள்பட்டைக்கும் பரவுகிறது. சிலருக்குத் தலைசுற்றலும் கவனச் சிதறலும் உறக்கமின்மையும் சேர்ந்துகொள்கின்றன. எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே மருத்துவர் கூறுகிறார். ஏறத்தாழப் பாதிப்பேர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிட, எஞ்சியோர் ஓராண்டு கழிந்த பின்னும் ஏதோவோர் அளவில் வலியோடு வாழ்கின்றனர் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்த எஞ்சியோரைப் பற்றித்தான் மருத்துவர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் வழக்கறிஞர்களும் பல தலைமுறைகளாக வாதிட்டு வருகின்றனர். வலி உண்மையானதா, இழப்பீட்டுப் பணத்துக்காகச் சொல்லப்படுவதா என்பதே அந்த வாதத்தின் மையமாக இருந்துவந்துள்ளது. அந்தக் கேள்வியே பிழையாக எழுப்பப்பட்டது என்பதையும், காயம் எங்கே எவ்வாறு நேர்கிறது என்பது விளங்கத் தொடங்கிய பின்னும் அந்தப் பிழை நீடிப்பதால் துன்புறுவோர் இரண்டாவது முறையும் காயப்படுகிறார்கள் என்பதையும், கடந்த முப்பது ஆண்டுகளில் திரண்ட சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது உணரலாம்.

முதலில் மோதலின் இயக்கத்தைப் பார்ப்பது தேவை. வயதுவந்த ஒருவரின் தலை ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ எடை கொண்டது. ஏழு கழுத்தெலும்புகளும், அவற்றின் இடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளும், ஒவ்வோர் இரண்டு எலும்புகளையும் பின்புறத்தில் வலமும் இடமுமாக இணைக்கும் ஃபாசெட் மூட்டுகள் எனப்படும் சிறு மூட்டுகளும், இவற்றைக் கட்டிவைக்கும் தசைநார்களும் தசைகளுமே அந்த எடையைத் தாங்கி நிற்கின்றன. நின்றுகொண்டிருக்கும் கார் பின்னாலிருந்து இடிபடும்போது காரும் அதனோடு இருக்கையும் முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. இருக்கையின் சாய்மானம் பயணியின் முதுகை முன்னே தள்ளுகிறது. தலையை மட்டும் தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால், அது இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. நின்றிருந்த பேருந்து திடீரென்று கிளம்பும்போது கால்கள் வண்டியோடு நகர்ந்துவிட, கம்பியைப் பிடிக்காதவரின் உடல் பின்தங்கிச் சாய்வதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். ஆகவே தலை பின்னுக்கு எறியப்படுகிறது என்று வழக்கமாகச் சொல்லப்படுவது சரியன்று. உடற்பகுதி தலையை விட்டுவிட்டு அதன் அடியிலிருந்து முன்னே நழுவுகிறது, அந்த இடைவெளியைக் கழுத்து தாங்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தாங்கல் எவ்வளவு விரைவில் நிகழ்கிறது என்பதுதான் இந்தக் காயத்தின் முழுத் தன்மையையும் தீர்மானிக்கிறது. மில்லிவினாடி என்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மோதல் தொடங்கிய 50 முதல் 75 மில்லிவினாடிகளுக்குள், அதாவது தலை இன்னும் பின்னே சாயத் தொடங்கும் முன்பே, கழுத்து ஆங்கில எஸ் எழுத்தின் வடிவில் வளைகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபியும் அவருடன் பணிபுரிந்தோரும் இறந்தோர் உடலிலிருந்து பெற்ற கழுத்துத் தண்டுகளைச் சறுக்குத் தளத்தில் பொருத்திச் செய்த சோதனைகளால் 1997இல் காட்டினர். அந்த வளைவில் கழுத்தின் மேற்பகுதி முன்னோக்கிக் குனிகிறது, கீழ்ப்பகுதியோ அதன் இயல்பான எல்லையைக் கடந்து பின்னோக்கி மடங்குகிறது. இயல்பு வாழ்வில் எவரும் தம் விருப்பப்படி கழுத்தை இவ்வாறு வளைக்க முடியாது. முழுக்கழுத்தும் பின்னே சாய்ந்து நிற்கும் நிலையை மட்டும் ஆபத்தாகக் கருதிய பழைய கருத்தை இக்கண்டுபிடிப்பு மாற்றியது. கண்ணுக்குப் புலப்படும் அந்தப் பெரிய அசைவுக்கு முன்னரே, சில எலும்புகளுக்கு இடையில் காயம் நேர்ந்து முடிந்துவிடக்கூடும் என்பது தெளிவாயிற்று.

உயிருள்ள மனிதரில் இதைக் காண்பது இன்னும் கடினமானது. ஜப்பானிய ஆய்வாளர் கனேயோகாவும் அவர் குழுவினரும் உடல்நலமுள்ள பத்து ஆண் தன்னார்வலர்களை மணிக்கு 4 கிலோமீட்டர் அளவிலான மிக மெதுவான சறுக்குத் தள மோதலுக்கு உட்படுத்தி, தொடர் எக்ஸ்ரே படங்களால் ஒவ்வொரு கழுத்தெலும்பின் நகர்வையும் பதிவுசெய்து, 1999இல் வெளியிட்டனர். வழக்கமாகக் கழுத்தைப் பின்னே சாய்க்கும்போது ஐந்தாவது எலும்பு ஆறாவதன் மேல் வழுக்கிக்கொண்டே திரும்பும்; மோதலின்போதோ அது வழுக்காமல் தன் இடத்திலேயே சுழன்று, ஃபாசெட் மூட்டின் பின்விளிம்பில் எலும்போடு எலும்பு இடிப்பதாகப் படங்கள் காட்டின. அந்த மூட்டின் உள்ளே மெல்லிய சவ்வு மடிப்புகள் உண்டு, அவற்றில் வலி நரம்புகளும் உண்டு. அவை நசுங்குவதும், மூட்டைச் சுற்றியுள்ள உறை இழுபடுவதும் வலிக்குக் காரணமாகலாம் என்ற கருத்துக்கு இதனால் ஓர் உறுதியான இயந்திரவியல் அடிப்படை கிடைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெத் விங்கெல்ஸ்டைன் எலிகளில் செய்த சோதனைகளில், மூட்டுறை கிழியாமல் இழுபட்டால்கூட வலி நீடிப்பதும் தண்டுவட நரம்பணுக்கள் தூண்டலுக்கு மிகையாக எதிர்வினை காட்டுவதும் தெரியவந்தன.

தசைகள் ஏன் காப்பாற்றுவதில்லை என்ற கேள்விக்கும் விடை நேரக் கணக்கிலேயே இருக்கிறது. எதிர்பாராத மோதலில் கழுத்துத் தசைகள் விழித்தெழ ஏறத்தாழ 75 முதல் 100 மில்லிவினாடிகள் ஆகின்றன, முழு இறுக்கத்தை அடைய இன்னும் நேரம் ஆகும்; அதற்குள் எஸ் வடிவ வளைவு வந்து போய்விடுகிறது. உடல்வலிமை மிக்கவரும் இதிலிருந்து தப்ப முடியாது என்பதன் காரணம் இதுவே.

இவ்வறிவு ஒரே நாளில் உருவானதன்று. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹரால்டு குரோ 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மருத்துவக் கூட்டமொன்றில், வாகன மோதலுக்குப் பின் கழுத்து வலியால் அவதிப்பட்ட எட்டு நோயாளிகளைப் பற்றிப் பேசுகையில் சாட்டை வீச்சைக் குறிக்கும் விப்லாஷ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். தலையின் அசைவை விவரிக்கவே அவர் கருதியிருந்தும், பிறர் அதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொண்டதற்குப் பின்னாளில் வருந்தினார். 1953இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் கே, ஆபட் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பின் அப்பெயர் நீதிமன்றங்களிலும் பரவியது. 1955இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் செவரியும் அவர் குழுவினரும் மனிதத் தன்னார்வலரையும் பொம்மைகளையும் காரில் அமர்த்திப் பின்னாலிருந்து இடித்துப் படம்பிடித்தபோது, தலையின் முடுக்கம் வண்டியின் முடுக்கத்தைவிட மிகுதியாகவும் சற்றுத் தாமதித்தும் வருவதைக் கண்டனர்.

டொராண்டோவின் எலும்பு மருத்துவர் இயன் மெக்னாப் 1960களில் எழுப்பிய வாதம் இன்றும் கூர்மை குன்றாதது. தலை முன்னே குனிந்தால் தாடை மார்பில் பட்டு நிற்கும், பக்கவாட்டில் சாய்ந்தால் காது தோளில் பட்டு நிற்கும், பின்னே சாய்ந்தால் தடுக்க எதுவும் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். வழக்கு முடிந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் பலருக்கு வலி நீடித்ததையும் அவர் பதிவுசெய்தார். பணத்துக்காகவே வலி நீடிக்கிறது என்றால், அதே விபத்தில் மணிக்கட்டோ கணுக்காலோ அடிபட்டவர்களுக்கு அந்த உறுப்புகள் உரிய காலத்தில் குணமாகிவிட, கழுத்து மட்டும் ஏன் குணமாகவில்லை என்று அவர் கேட்டார். இழப்பீட்டு ஆசை உறுப்புக்கு உறுப்பு வேறுபட்டு வேலைசெய்யும் என்று நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

எனினும் வலி எங்கிருந்து வருகிறது என்பதை ஒவ்வொரு நோயாளியிலும் காட்டும் வழி அப்போது இல்லை. அந்த வழியை ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நிகோலாய் போக்டக்கும் அவருடைய இளைய சகாக்களான லெஸ் பார்ன்ஸ்லியும் சூசன் லார்டும் 1990களில் உருவாக்கினர். ஒவ்வொரு ஃபாசெட் மூட்டுக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்புக் கிளையைக் கண்டறிந்து, அதில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சிறிதளவு செலுத்தினால், வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று அறியலாம். பொய்யான பதிலையும் தற்செயலான நிவாரணத்தையும் விலக்குவதற்காக, சிறிது நேரமே செயற்படும் மருந்தையும் நெடுநேரம் செயற்படும் மருந்தையும் வெவ்வேறு நாள்களில், எது எப்போது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு கொடுத்தனர். மருந்தின் கால அளவுக்கு ஏற்றவாறு வலி நின்ற காலமும் நீண்டும் குறைந்தும் இருந்தால் மட்டுமே அந்த மூட்டு வலியின் ஊற்றாகக் கணக்கிடப்பட்டது. எந்த மருந்து செலுத்தப்பட்டது என்பதை அறியாத ஒருவரால் இதில் நடித்துத் தப்பிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். நாள்பட்ட விப்லாஷ் வலி கொண்ட 50 பேரில் 54 விழுக்காட்டினருக்கு வலி ஃபாசெட் மூட்டிலிருந்தே வந்தது என்று 1995இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, மருத்துவ வரலாற்றில் உரிய கவனம் பெறாத நேர்த்தியான ஆய்வுகளுள் ஒன்று.

அடுத்த ஆண்டு, அதாவது 1996இல், அந்த நரம்புக் கிளையை வெப்பத்தால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சையை 24 நோயாளிகளிடம் அவர்கள் சோதித்தனர். உண்மையான சிகிச்சை பெற்ற 12 பேருக்கு வலி முன்பிருந்த அளவில் பாதியை மீண்டும் எட்ட இடைநிலைக் கணக்கில் 263 நாள்கள் ஆயின. ஊசி குத்தப்பட்டும் வெப்பம் செலுத்தப்படாத மற்ற 12 பேருக்கு 8 நாள்களே ஆயின. சிறிய ஆய்வுதான், வலியை நிலையாகப் போக்கும் சிகிச்சையும் அன்று, தேர்ந்தெடுத்த சிலருக்கே அது பொருந்தும். ஆனால் அதனோடு தொடர்புடைய இன்னொரு கண்டுபிடிப்பு கூடுதல் கவனத்துக்கு உரியது. இந்த நோயாளிகளில் பலருக்கு உளவியல் வினாப்பட்டியலில் மனத்துயரின் அறிகுறிகள் மிகுதியாக இருந்தன. வலி நீங்கியவர்களிடம் எந்த உளவியல் சிகிச்சையும் இல்லாமலேயே அவை மறைந்தன. மனக்கலக்கம் வலியை உண்டாக்கவில்லை, வலியே மனக்கலக்கத்தை உண்டாக்கியது என்பதை அது காட்டிற்று. மனத்துயர் காணப்பட்டதையே வலி பொய் என்பதற்குச் சான்றாக எண்ணற்ற மருத்துவ அறிக்கைகள் காட்டிவந்திருக்கும் நிலையில், இந்த ஆய்வு அந்த வழக்கத்தின் அடித்தளத்தையே அசைக்கிறது.

படங்களில் காயம் தெரியாமல் போவதற்கும் விளக்கம் உண்டு. எக்ஸ்ரே எலும்பை மட்டுமே காட்டும், எம்.ஆர்.ஐ. மென்திசுக்களைக் காட்டினாலும், சில மில்லிமீட்டர் அளவே உள்ள மூட்டுறையின் நுண்கிழிசலையோ வட்டின் விளிம்பில் உள்ள வெடிப்பையோ வழக்கமான மருத்துவமனைப் படத்தில் காண்பது அரிது. ஆஸ்திரேலியாவில் டெய்லரும் டூமியும் விபத்தில் இறந்தோரின் கழுத்துத் தண்டை மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தபோது, எக்ஸ்ரே காட்டாத இத்தகைய காயங்கள் பல வெளிப்பட்டன. இதற்கு நேர்மாறான சிக்கலும் இருக்கிறது: ஜப்பானில் எவ்வித வலியும் இல்லாத 1,211 பேரின் கழுத்தை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 87.6 விழுக்காட்டினருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. ஆகவே விபத்துக்குப் பின் எடுத்த படத்தில் வட்டு பிதுங்கியிருப்பதைக் காட்டி அதுவே காரணம் என்று வாதாடும் வழக்கறிஞரும், படத்தில் ஒன்றும் இல்லை என்பதால் காயமே இல்லை என்று வாதாடும் காப்பீட்டு நிறுவனமும் ஒரே தவற்றைத்தான் இரு திசைகளில் செய்கின்றனர்.

சந்தேகத்தின் வரலாறு காரைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனில் இரயில் விபத்துகள் பெருகியபோது, வெளிக்காயம் எதுவும் இல்லாமல் உயிர்தப்பிய பயணிகள் பின்னர் முதுகுவலி, நடுக்கம், உறக்கமின்மை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றால் அவதிப்பட்டனர். இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் 1866இல் வெளியிட்ட நூலில், அதிர்ச்சியால் தண்டுவடம் பாதிக்கப்படுவதே இதற்குக் காரணம் என்றார். அந்நிலைக்கு இரயில் முதுகெலும்பு நோய் என்ற பெயர் நிலைத்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் இரயில் விபத்தில் காயமின்றித் தப்பி, காயமுற்றோருக்கு உதவியும் செய்தார். எனினும் அதன்பின் வாழ்நாள் முழுவதும் இரயில் பயணம் அவரை நடுங்கச் செய்தது. 1883இல் ஹெர்பர்ட் பேஜ் எரிக்சனை மறுத்து, தண்டுவடத்தில் காயம் ஏதும் இல்லை, அச்சமே நோய்க்குக் காரணம் என்று எழுதினார். தண்டுவடம் பற்றிய மறுப்பில் அவர் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். ஆனால் அவர் இலண்டன்–வடமேற்கு இரயில்வே நிறுவனத்தின் அறுவை மருத்துவராக இருந்தார் என்பதையும் மறக்கலாகாது. உடலா உள்ளமா, காயமா கற்பனையா என்ற பிரிவினை மருத்துவக் கேள்வியாக மட்டும் பிறக்கவில்லை. யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியோடு ஒட்டிப் பிறந்தது, அந்த ஒட்டு இன்றுவரை பிரியவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 1990களின் இரண்டு புகழ்பெற்ற ஆய்வுகளைப் படிக்க வேண்டும். முதலாவது, நார்வே ஆய்வாளர் ஹரால்டு ஷ்ரேடரும் சகாக்களும் 1996இல் லான்செட் இதழில் வெளியிட்டது. லித்துவேனியாவில் அப்போது ஓட்டுநர்களிடம் விபத்துக் காப்பீடு அரிது, விப்லாஷ் நீண்டகால நோயாகும் என்ற எண்ணமும் மக்களிடம் இல்லை. அங்கே ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு முன் பின்புற மோதலுக்கு ஆளான 202 பேரையும் விபத்தைச் சந்திக்காத அதே அளவினரையும் ஒப்பிட்டதில், கழுத்து வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இழப்பீடு இல்லாத இடத்தில் நோயும் இல்லை என்று உலகெங்கும் இது எடுத்துக்கூறப்பட்டது. ஆனால் அந்த 202 பேரும் விபத்துக்கு ஆளானவர்களே தவிர, அனைவரும் கழுத்தில் காயமுற்றவர்கள் அல்லர். விபத்தையடுத்துக் கழுத்து வலி இருந்ததாக நினைவுகூர்ந்தோர் அவர்களில் சிறுபகுதியினர். காயமுற்றோரில் ஒரு பங்கினருக்கே வலி நாள்பட நீடிக்கும் என்னும்போது, இவ்வளவு சிறிய தொகையில் அந்த வேறுபாடு புலப்படாமல் போவது வியப்பன்று. இந்தக் குறையை ஆய்வை மேற்கோள் காட்டியோரில் பலர் குறிப்பிடவே இல்லை.

இரண்டாவது ஆய்வு இன்னும் வலுவானது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் 1995 ஜனவரி 1 அன்று தன் சட்டத்தை மாற்றிற்று. அதுவரை வலிக்கும் துன்பத்துக்கும் இழப்பீடு கேட்டு, தவறு செய்தவர்மீது வழக்குத் தொடுக்கலாம்; அதன்பின் யார் தவறு என்று பாராமல் சிகிச்சைச் செலவும் வருமான இழப்பும் கொடுக்கப்படும், வலிக்கென்று தனித்தொகை கிடையாது. டேவிட் காசிடியும் சகாக்களும் 7,462 விப்லாஷ் கோரிக்கைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டபடி, பழைய முறையின் கடைசி ஆறு மாதங்களில் இலட்சம் பேருக்கு 417 ஆக இருந்த கோரிக்கைகள் புதிய முறையில் 302 ஆகவும் பின் 296 ஆகவும் குறைந்தன. ஒரு கோரிக்கை முடிவுக்கு வர ஆகும் இடைநிலைக் காலம் 433 நாளிலிருந்து 194 நாளாகவும் பின் 203 நாளாகவும் குறைந்தது. கோரிக்கை முடிவது வேறு, வலி முடிவது வேறு என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் இவ்வளவு பெரிய மாற்றத்தை அந்த மறுப்பால் மட்டும் விளக்கிவிட முடியாது. இழப்பீட்டு முறை குணமடைதலைப் பாதிக்கிறது என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் பாதிக்கிறது என்பதிலிருந்து பொய் சொல்கிறார்கள் என்ற முடிவுக்குத் தாவுவது எவ்வகையிலும் பொருந்தாது. தன் வலியை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியவர், அதை மறக்க முடியாதவராகிறார். வேலைக்குத் திரும்பினால் வழக்கு பலவீனமாகும் என்று அறிவுறுத்தப்படுபவர், உடலை அசைக்காமலே முடக்கிக்கொள்கிறார். எதிர்பார்ப்பின் வலிமையை ஜெர்மனியில் காஸ்ட்ரோவும் சகாக்களும் 2001இல் வேறொரு விதமாகக் காட்டினர். 51 தன்னார்வலர்களை மோதல் நிகழ்ந்ததாக நம்பவைத்து, கழுத்துக்கு எவ்வித விசையும் செல்லாதவாறு செய்த போலி மோதலில்கூட ஐவரில் ஒருவர் அளவில் பின்னர் அறிகுறிகளைத் தெரிவித்தனர். அவர்களுக்கு இழப்பீடு கிடைக்கப்போவதில்லை, ஆகவே அவர்கள் பொய் சொன்னதாகக் கொள்ள இடமில்லை. வலி என்பது திசுவிலிருந்து வரும் செய்தியை மூளை மதிப்பிட்டு உருவாக்கும் அனுபவம். அச்சமும் எதிர்பார்ப்பும் அந்த மதிப்பீட்டை மாற்றும். முறிந்த காலுக்கும் இது பொருந்தும், ஆனால் முறிந்த காலை உடையவரிடம் எவரும் இதைக் கூறி வலியை மறுப்பதில்லை.

யாருக்கு வலி நீடிக்கும் என்பதை முன்கூட்டியே அறிவது மருத்துவத்தில் மிகுந்த பயனுடையது. கியூபெக் மாகாணத்தின் காப்பீட்டு அமைப்பு அமைத்த வல்லுநர் குழு 1995இல் இக்காயத்தை நிலைகளாக வகுத்தது: வலியும் இறுக்கமும் மட்டும் இருப்பது முதல் நிலை, அதனோடு கழுத்தின் அசைவு குறைந்தும் தொட்டால் நோகும் இடங்கள் தோன்றியும் இருப்பது இரண்டாம் நிலை, கை மரத்துப்போதல் தசை பலவீனம் போன்ற நரம்பு அறிகுறிகள் இருப்பது மூன்றாம் நிலை, எலும்பு முறிவோ பிசகோ இருப்பது நான்காம் நிலை. ஆனால் வலி நாள்படுவதை இந்த வகுப்பைவிடத் தெளிவாக உணர்த்துவது தொடக்க நாள்களின் வலியின் கடுமைதான் என்பது பின்வந்த ஆய்வுகளில் நிலைபெற்றது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மிஷல் ஸ்டெர்லிங் நடத்திய ஆய்வுகள், விபத்து நடந்த சில வாரங்களிலேயே சிறு குளிர்ச்சியைக்கூட வலியாக உணர்வோரும், விபத்தின் நினைவால் அலைக்கழிக்கப்படுவோரும் நெடுங்காலம் அவதிப்படும் வாய்ப்பு மிகுதி என்று காட்டின. காயமே படாத இடங்களிலும் வலியுணர்வு கூர்மையாகிவிடுவது, நடுநரம்பு மண்டலமே எச்சரிக்கை நிலையில் சிக்கிக்கொண்டதன் அறிகுறி.

விபத்து நடந்தவுடன் செய்ய வேண்டியது, ஆபத்தான முறிவு இல்லை என்று உறுதிசெய்வது. ஒட்டாவாவின் இயன் ஸ்டீல் தலைமையில் கனடாவின் பத்து மருத்துவமனைகளில் 8,924 பேரிடம் ஆராய்ந்து 2001இல் வகுக்கப்பட்ட விதி இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது: நினைவோடும் நிதானத்தோடும் இருப்பவர் 65 வயதை எட்டியிருந்தாலோ, கை கால்களில் ஊசி குத்துவதுபோன்ற மரமரப்பு இருந்தாலோ, விபத்தின் வேகமும் விதமும் கடுமையாக இருந்தாலோ படம் எடுத்தே ஆக வேண்டும், இவை இல்லாமல், எளிய பின்புற மோதல், தாமதித்துத் தொடங்கிய வலி போன்ற ஆபத்து குறைந்த அடையாளங்களுள் ஒன்றேனும் இருந்து, கழுத்தை இருபுறமும் 45 பாகை திருப்பவும் முடிந்தால் படம் தேவையில்லை. முறிவு இல்லையென்று உறுதியான பின், கழுத்துப் பட்டையை வாரக்கணக்கில் அணிந்திருப்பது மீட்சியைத் தாமதப்படுத்துகிறது. வலி தாங்கும் அளவுக்குள் கழுத்தை அசைத்து, வழக்கமான வேலைகளுக்குத் திரும்புவதே நன்மை தரும். ஆனால் தீவிரப் பயிற்சித் திட்டங்களுக்கும் எல்லை உண்டு. 2014இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில், நாள்பட்ட வலி கொண்ட 172 பேருக்கு இருபது அமர்வுப் பயிற்சியும் ஒரேயோர் அறிவுரை அமர்வும் ஏறத்தாழ ஒரே பலனையே அளித்தன.

சிகிச்சை இவ்வாறிருக்க, இழப்பீட்டுச் சிக்கலைத் தீர்க்கப் பிரிட்டன் சஸ்காச்சுவானிலிருந்து வேறுபட்ட வழியை நாடியது. காப்பீட்டுக் கட்டணம் உயர்வதற்கு விப்லாஷ் கோரிக்கைகளே காரணம் என்ற வாதம் வென்றதன் பயனாக, இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 மே 31 முதல், வலி நீடித்த காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட நிர்ணயத் தொகை நடைமுறைக்கு வந்தது: மூன்று மாதத்துக்குள் குணமானால் 240 பவுண்டு, பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வரை நீடித்தால் 4,215 பவுண்டு என்று அப்போது வகுக்கப்பட்டது. மருத்துவ அறிக்கை இல்லாமல் கோரிக்கையைப் பேசி முடிப்பதும் தடைசெய்யப்பட்டது; இது மோசடியைத் தடுக்க நேர்மையான வழி. தொகைகளைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. ஒரு சிலரின் ஏமாற்றுக்கு எதிரான நடவடிக்கையின் செலவை, தூக்கமின்றி மாதங்களைக் கழித்த உண்மையான நோயாளிகள் அனைவரிடமும் வசூலிக்கும் ஏற்பாடாகவே அது அமைந்தது.

சான்றுகள் சுட்டும் சிறந்த தடுப்பு இருக்கையில்தான் உள்ளது. அமெரிக்காவில் 1969 ஜனவரி 1 முதல் புதிய கார்களின் முன்னிருக்கைகளில் தலைத்தாங்கி கட்டாயமானது. ஆனால் 1982இல் வந்த அரசு மதிப்பீட்டின்படி, இருக்கையோடு ஒன்றாக அமைந்தவை காயத்தை 17 விழுக்காடும், ஏற்றி இறக்கக்கூடியவை 10 விழுக்காடும் மட்டுமே குறைத்தன, ஏனெனில் பெரும்பாலோர் அவற்றைத் தாழ்ந்த நிலையிலேயே விட்டுவைத்தனர். கழுத்தைத் தாங்கும் உயரத்தில் இருக்கும் தலைத்தாங்கி, தலை அதன் மேல் மடங்குவதற்கு வழிசெய்து தீங்கைக் கூட்டவும் கூடும். அதன் மேல்விளிம்பு தலையின் உச்சிக்கு நிகராகவும், பின்தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி நான்கைந்து விரல்களின் அகலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1997இல், பயணியின் முதுகு சாய்மானத்தை அழுத்தும் விசையைக் கொண்டே தலைத்தாங்கியை மேலும் முன்னுமாக நகர்த்தும் அமைப்பைக் கொண்டுவந்தது. வோல்வோ 1998இல், சாய்மானமே முதலில் உடலோடு பின்னே நகர்ந்து பிறகு சாய்ந்து விசையை உள்வாங்கும் இருக்கையை அமைத்தது. இரண்டும் காயங்களைக் கணிசமாகக் குறைத்தன என்பதைக் காப்பீட்டுப் பதிவுகள் உறுதிசெய்தன. புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதித்துத் தரவரிசை வழங்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2009 முதல் பின்புற மோதல் மதிப்பெண்ணையும் தன் தரவரிசையில் சேர்த்தது.

இந்த முன்னேற்றத்தின் பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை. ஒரே வகை மோதலில் ஆண்களைவிடப் பெண்களுக்கு விப்லாஷ் நேரும் வாய்ப்பு கூடுதல், சில ஆய்வுகளில் இருமடங்கு வரை என்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. பெண்களின் கழுத்து மெலிந்தது, எடை குறைவாதலால் அவர்கள் உடல் சாய்மானத்தை ஆழமாக அழுத்துவதில்லை, ஆண் உடலின் எடைக்கு ஏற்ப விறைப்பு அமைந்த இருக்கை அவர்களை முன்னதாகவே திருப்பி எறிகிறது. ஆயினும் ஸ்வீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1990களின் இறுதி முதல் உலகெங்கும் பின்புற மோதல் சோதனையில் பயன்படும் பயோரிட் என்னும் பொம்மை, சராசரி ஆணின் அளவில், ஏறத்தாழ 78 கிலோ எடையோடு வடிவமைக்கப்பட்டது. ஸ்வீடனின் சாலைப் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தின் ஆஸ்ட்ரிட் லிண்டர் பல ஆண்டு உழைப்புக்குப் பின், சராசரிப் பெண்ணின் அளவில் 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட சோதனைப் பொம்மையைத் தம் குழுவினரோடு உருவாக்கினார். அதன் முதுகுத்தண்டும் கழுத்தும் அசையும் விதமும், தோள் இடுப்பு ஆகியவற்றின் வடிவமும் பெண்ணுடலைப் பின்பற்றியவை. அந்தப் பொம்மை 2022 முதல் ஆய்வுக்கூடத்தில் இயங்கிவருகிறது. பின்புற மோதலுக்கான ஒழுங்குமுறைச் சோதனைகளில் அதைச் சேர்க்க வேண்டும் என்று லிண்டர் தொடர்ந்து கோரிவர, இருக்கைகளுக்கு ஒப்புதல் வழங்கும் விதிகள் இன்றும் சராசரி ஆணின் உடலையே அளவாகக் கொண்டிருக்கின்றன.